படித்து முடிக்கக்கூடிய கெர்னல்

பல்கலைக்கழகத்தில் இயங்குதளப் பாடம் இரண்டு விதமாக நடத்தப்படுகிறது. ஒன்றில் மாணவர் இயங்குதளங்களைப் பற்றிப் படிக்கிறார்: வரையறைகள், வரைபடங்கள், தேர்வுக்கு வரும் கணக்குகள். மற்றதில் ஓர் இயங்குதளத்தின் மூலநிரலையே எடுத்து வாசிக்கிறார், அதைத் திருத்துகிறார், திருத்தியதால் அது நின்றுபோனால், ஏன் நின்றது என்று தேடிக் கண்டுபிடித்து மறுபடி ஓடவைக்கிறார். பாடத்தின் பெயரும் தலைப்புகளும் இரண்டிலும் ஒன்றுதான். பருவம் முடியும்போது கையில் மிஞ்சுவது வேறு. முதல் முறையில் படித்தவருக்குப் புராசஸ் என்பது ஒரு வரையறை. இரண்டாம் முறையில் படித்தவர் அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது, எந்தெந்த விவரங்களைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று திரையில் காட்டுவார்.

இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல் செய்யும் வேலைகளை மூன்றாகச் சுருக்கலாம். ஒரே கணினியைப் பல நிரல்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்ற தோற்றத்தைத் தருவது முதல் வேலை. ஒரே நேரத்தில் நடக்கும் பல காரியங்கள் ஒன்றையொன்று கெடுத்துவிடாமல் காப்பது இரண்டாவது. மின்சாரம் போனாலும் தகவல் அழியாமல் வட்டில் வைத்திருப்பது மூன்றாவது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாச்சி-டுசோ இருவரும் எழுதி இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் பாடநூலும் இந்த மூன்றைத்தான் பகுதிகளாக வைத்திருக்கிறது. சொல்ல எளிதான இந்த வேலைகள் நிரலாகும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கோப்பு ஒன்றைத் திறக்கும் ஒரு சிறு கட்டளை, வன்பொருளின் காவலைத் தாண்டிக் கெர்னலுக்குள் நுழைந்து, பூட்டுகளைப் பிடித்து, வட்டுக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் வேறொரு நிரலுக்கு இடம்விட்டு, பிறகுதான் திரும்பி வருகிறது. தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவருக்கு இந்தப் பின்னல் தென்படுவதில்லை. அதைக் காண வேண்டுமானால் முழுக் கெர்னல் ஒன்று, ஒருவர் ஒரு பருவத்தில் வாசித்து முடிக்கும் அளவில், கையில் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று ஆசிரியர்களின் கைக்கு எட்டியபோதெல்லாம் இந்தப் பாடம் செழித்தது, எட்டாதபோது வறண்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்து பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. பி.டி.பி.-11 என்ற சிறிய கணினியில் ஓடிய அதன் கெர்னல் ஏறத்தாழ 10,000 வரிகள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஜான் லயன்ஸ், இது ஒரு மாணவர் முழுவதுமாக வாசிக்கத்தக்க அளவு என்று கண்டார். மூலநிரலை ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய உரையை இன்னொரு தொகுதியாகவும் 1976-77இல் தம் வகுப்புக்காக அச்சிட்டார். பழைய நூலுக்கு உரையாசிரியர் செய்யும் வேலையைத்தான் அவர் நிரலுக்குச் செய்தார்.

1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக்குவதைத் தடுத்தது. லயன்ஸின் உரை நகலின் நகலாகக் கைமாறியே பரவியது. சட்டப்படி நூலாக வெளிவந்தது 1996இல்தான். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான வகுப்புகள் கோட்பாட்டுப் பாடத்துக்குத் திரும்பின. ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆண்ட்ரூ டானன்பாம் அதை ஏற்கவில்லை. யூனிக்ஸின் ஒரு வரியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் தம் பாடநூலோடு வெளியிட்டார். ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நூலைப் படித்தார். 1991 தொடக்கத்தில் வாங்கிய தம் கணினியில் மினிக்ஸை ஓட்டினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருவருக்கும் நடந்த விவாதத்தில், இப்படி வடிவமைத்த கெர்னலுக்குத் தம் வகுப்பில் நல்ல மதிப்பெண் கிடைக்காது என்று டானன்பாம் எழுதினார். கெர்னலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. லினக்ஸ் எல்லாவற்றையும் ஒரே திரளாக வைத்திருந்தது. இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு. பாடநூலில் அச்சிட்ட நிரலைப் படித்த ஒரு மாணவர், ஆசிரியரோடு வடிவமைப்பைப் பற்றிச் சரிசமமாக வாதிடும் இடத்துக்கு வந்திருந்தார் என்பது கல்வி நோக்கில் இதைவிடப் பெரிய செய்தி.

இன்றைய லினக்ஸ் பாடநூலாக உதவாது. சாதனங்களை இயக்கும் டிரைவர்களையும் சேர்த்தால் அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆகவே கற்பிப்பதற்கென்றே சிறிய இயங்குதளங்கள் எழுதப்பட்டன: பெர்க்லியில் நாச்சோஸ், ஸ்டான்ஃபோர்டில் பின்டோஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ்வி6. இவற்றில் எக்ஸ்வி6 லயன்ஸின் நேர் வாரிசு. அங்கே 2002இல் தொடங்கிய வகுப்பு முதலில் லயன்ஸின் நூலையே பாடமாக வைத்தது. ஆனால் மாணவர்கள் வழக்கொழிந்த பி.டி.பி.-11ஐ ஒரு பக்கமும், செய்முறைக்கு இன்டெல் கணினியை மறுபக்கமும் கற்க வேண்டியிருந்தது. அதனால் 2006இல் ஃபிரான்ஸ் காஷுக், ராபர்ட் மோரிஸ், ரஸ் காக்ஸ் ஆகியோர் ஆறாம் பதிப்பின் வடிவத்தைப் பின்பற்றி, இக்காலச் சி மொழியில், பல சி.பி.யு. கொண்ட கணினிக்கு ஏற்றபடி எக்ஸ்வி6ஐ எழுதினார்கள். 2019 முதல் அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதிக்கு மாறியது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி புராசசர்களும் இதே கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தவை. ஆகவே இதில் கற்றது தமிழ்நாட்டு மாணவருக்கு அந்நியமாக நிற்பதில்லை. இனி வருவது இந்த எக்ஸ்வி6ஐக் கொண்டு நடக்கும் பாடத்தின் வரிசை.

பாடம் கெர்னலுக்கு வெளியிலிருந்து தொடங்குகிறது. மாணவர் முதலில் எழுதுவது சாதாரணப் பயனர் நிரல்கள்: இரண்டு புராசஸ்கள் பைப் வழியாக ஒரு பைட்டை அனுப்பித் திருப்பி வாங்குவது, பைப்களைச் சங்கிலியாகக் கோத்துப் பகா எண்களைச் சலித்தெடுப்பது போன்றவை. இங்கேதான் ஃபோர்க் என்ற சிஸ்டம் கால் முதன்முறையாகத் திகைப்பைத் தருகிறது. ஒரு முறை அழைத்தால் அது இரண்டு முறை திரும்புகிறது: பழைய புராசஸில் ஒன்றும், புதிதாகப் பிறந்த அதன் நகலில் ஒன்றும். நகலுக்குப் பூஜ்யமும் மூலத்துக்கு நகலின் எண்ணும் விடையாக வரும். எக்ஸ்வி6இல் இத்தகைய சிஸ்டம் கால்கள் மொத்தம் 21. அவற்றோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அடுத்த பயிற்சி. சேர்க்கும்போதுதான் பயனர் நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையில் இருப்பது சாதாரண ஃபங்ஷன் அழைப்பு இல்லை, வன்பொருள் காவல் காக்கும் வாசல் என்பது தெரிகிறது. பயனர் தரும் எந்த முகவரியையும் கெர்னல் நம்பிவிடக் கூடாது என்ற பழக்கமும் இங்கேயே படிய வேண்டும்.

அடுத்தது நினைவகம். ஒவ்வொரு புராசஸுக்கும் தனி முகவரி வெளி இருக்கிறது என்பது வன்பொருள் தரும் தோற்றம். அதை நடத்துவது பேஜ் டேபிள் என்ற பக்க அட்டவணை. இந்த ரிஸ்க்-ஃபைவ் கணினியில் நினைவகத்தின் ஒரு பக்கம் 4,096 பைட். முகவரி 39 பிட். பக்கத்துக்கு ஒரு பதிவு வீதம் நேராக அட்டவணை போட்டால் 13 கோடியே 42 லட்சம் பதிவுகளுக்கு மேல் வரும். பதிவுக்கு 8 பைட் என்றால் ஒவ்வொரு புராசஸுக்கும் அட்டவணைக்கு மட்டுமே 1 ஜி.பி. தேவை. ஆகவே அட்டவணை மூன்று அடுக்கு மரமாக அமைகிறது, மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் 512 பதிவுகள். பயன்படாத கிளைகளுக்கு இடமே தேவையில்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவது எளிது. தாம் தவறாக எழுதிய ஒரு பதிவால் கணினி ஓர் எழுத்துகூட அச்சிடாமல் உறைந்துபோவதைப் பார்த்த மாணவருக்குத்தான் மூன்று அடுக்கும் மனத்தில் நிற்கின்றன.

நினைவகப் பயிற்சிகளில் மிகச் சிறந்தது ஃபோர்க்கைச் சிக்கனமாக்குவது. ஃபோர்க் அழைத்ததும் எல்லாப் பக்கங்களையும் நகலெடுப்பது வீண். புதிய புராசஸ் பெரும்பாலும் அடுத்த கணமே வேறொரு நிரலாக மாறிவிடும். எனவே பக்கங்களை இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும், எழுதும் அனுமதியை மட்டும் இருவரிடமிருந்தும் எடுத்துவிடலாம். யாராவது எழுத முயன்றால் வன்பொருள் தடுத்துக் கெர்னலைக் கூப்பிடும். அப்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்தால் போதும். ஒரு பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் வெளியேறும்போது மற்றவர் காலடியில் இருக்கும் நினைவகம் பறிபோகும். சில நூறு வரிகளுக்குள் முடியும் இந்தப் பயிற்சியில் பேஜ் டேபிள், குறுக்கீடு, பூட்டு என மூன்றும் ஒன்றாகச் சந்திக்கின்றன.

ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குச் சி.பி.யு.வை மாற்றும் இடம் இந்தப் பாடத்தின் நடுநாயகம். எக்ஸ்வி6இல் அந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு சிறிய அசெம்பிளி ஃபங்ஷன்: 14 ரெஜிஸ்டர்களைச் சேமிக்கிறது, வேறு 14 மதிப்புகளை ஏற்றுகிறது, திரும்புகிறது. ஆனால் அழைத்தவரிடம் அது திரும்புவதில்லை. எப்போதோ இதே ஃபங்ஷனை அழைத்துவிட்டு உறங்கிக்கிடந்த வேறொரு திரெட்டிடம் திரும்புகிறது. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இதற்கு இணையான இடத்தில், வாசகர் இதைப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அது பெரும் புகழ் பெற்றது. தேர்வில் இது வராது என்ற எண்ணத்தில் எழுதிய குறிப்பு அது என்றும், உண்மையில் அந்த இடத்தைத் தாங்களே முழுதாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்றும் ரிச்சி பின்னாளில் விளக்கினார். இன்றைய வகுப்பில் அந்த இடம் கட்டாயம் புரிய வேண்டிய ஒன்று. மாணவர்கள் பயனர் நிரலுக்குள்ளேயே இதே போன்ற ஒரு திரெட் மாற்றத்தைத் தாங்களே எழுதிக் காட்ட வேண்டும்.

பூட்டுகளுக்கு வந்ததும் பாடத்தின் தன்மையே மாறுகிறது. அதுவரை நிரல் தவறு செய்தால் ஒவ்வொரு முறையும் அதே தவறைச் செய்யும். இனி ஆயிரம் முறை சரியாக ஓடிவிட்டு ஒரு முறை கெடும். எண் ஒன்றைக் கூட்டுவதுகூட மூன்று செயல்: எடுப்பது, கூட்டுவது, வைப்பது. இரண்டு சி.பி.யு.க்கள் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் ஒரு கூட்டல் காணாமல் போகும். இதற்கு மருந்து பூட்டு. பூட்டுக்கு அடியில் வன்பொருள் பிரிக்க முடியாமல் ஒரே மூச்சில் செய்துதரும் ஒரு கட்டளை இருக்கிறது. பூட்டைப் பிடித்திருக்கும்போது அந்தச் சி.பி.யு.வில் குறுக்கீடுகளையும் நிறுத்திவைக்க வேண்டும். குறுக்கிட்டு வந்த நிரலும் அதே பூட்டைக் கேட்டால், அதைக் கொடுக்க வேண்டியவர் அதற்கு அடியிலேயே அழுந்திக் கிடப்பார்.

இதைவிட நுட்பமானது தவறிப்போகும் எழுப்பல். ஒரு புராசஸ் பைப்பில் தரவு இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லை, உறங்கப் போகிறது. பார்த்ததற்கும் உறங்கியதற்கும் நடுவே இன்னொரு புராசஸ் தரவைப் போட்டு எழுப்பல் ஓசை கொடுத்துவிட்டால், அதைக் கேட்க அப்போது உறங்குபவர் யாரும் இல்லை. பிறகு உறங்கியவரை எழுப்ப யாரும் வரப்போவதும் இல்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டே உறங்கலாமென்றால் எழுப்ப வேண்டியவர் உள்ளே வர முடியாது. உறக்கத்தையும் பூட்டை விடுவதையும் எழுப்புபவரின் பார்வையில் ஒரே செயலாக்குவதுதான் தீர்வு. எக்ஸ்வி6 இதைச் செய்யும் விதத்தை ஒரு மாணவர் தன் சொற்களில் விளக்கிவிட்டால், ஒத்தியங்கும் நிரல்களின் பாதிக் கல்வி முடிந்தது எனலாம்.

இந்தத் துறையின் பெயர்பெற்ற புதிர்களும் வகுப்பறையில்தான் பிறந்தன. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் மாணவர் தேர்வுக்காக அமைத்த ஒரு கேள்வி, டேப் இயந்திரங்களுக்காகப் போட்டியிடும் கணினிகளைப் பற்றியது. அதுவே பின்னர் சாப்பாட்டு மேசையில் அமர்ந்த ஐந்து தத்துவ அறிஞர்களின் புதிராக உலகெங்கும் பரவியது. தேர்வறைக்கு வெளியே இந்தச் சிக்கல்கள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குச் செவ்வாய்க் கோளே சாட்சி. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாளில் தானாகவே மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. முக்கியத்துவம் குறைந்த ஒரு வேலை பூட்டைப் பிடித்திருந்தது. முக்கியமான வேலை அதற்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட வேலை ஒன்று புகுந்து, பூட்டு வைத்திருந்ததை ஓடவிடாமல் செய்தது. பூட்டுக்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது இதற்குத் தீர்வு. அந்த வசதி கலத்தின் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள். இந்த முறையை ஆராய்ந்து 1990இல் வெளியான அடிப்படைக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்.

கோப்பு முறைமை கடைசியில் வருகிறது. அதன் மையக் கேள்வி ஒன்றே: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? புதிய கோப்பு ஒன்றைப் படைக்க வட்டில் பல இடங்களில் எழுத வேண்டும். பாதியில் நின்றால் டைரக்டரியில் பெயர் இருந்து கோப்பு இல்லாமல் போகலாம். அதைவிட மோசமாக, ஒரே இடத்துக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடலாம். எக்ஸ்வி6 எல்லா மாற்றங்களையும் முதலில் வட்டில் தனியாக ஒதுக்கிய ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறது. எல்லாம் எழுதி முடிந்ததும் குறிப்பேட்டின் தலைப்பில் எண்ணிக்கையைப் பதிகிறது. அந்த ஒரே பதிவுதான் எல்லைக்கோடு. அதற்கு முன் மின்சாரம் போனால் எதுவுமே நடக்கவில்லை; பின் போனால் கணினி எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து மாற்றங்களை உரிய இடத்தில் மறுபடி எழுதும். எத்தனை முறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான் என்பதால், மீட்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் கேடில்லை. இங்கே செய்முறை எளிது: 268 பிளாக்குகளுக்கு மேல் வளர முடியாத எக்ஸ்வி6 கோப்பை, முகவரிப் பட்டியலில் இன்னோர் அடுக்கைச் சேர்த்து 65,803 பிளாக்குகள் வரை வளரச் செய்வது.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் கணினிப் பொறியியல் மாணவர்கள் இந்தப் பாடத்தை நான்காம் பருவத்தில் படிக்கிறார்கள். சில்பர்ஷாட்ஸும் துணையாசிரியர்களும் எழுதிய, அட்டையில் டைனோசர் கொண்ட நூல் பரவலாகப் புழங்குகிறது. அது நல்ல நூல். தலைப்புகளும் மேலே சொன்னவையே. குறை செய்முறையில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஷெட்யூலர் முறைகளும், புராசஸ்கள் ஒன்றுக்கொன்று காத்து முடங்கிவிடாமல் தவிர்க்கும் டைக்ஸ்ட்ராவின் வங்கியாளர் முறையும் பக்க மாற்று முறைகளும் தனித்தனிச் சி நிரல்களாகப் பாவனை செய்யப்படுகின்றன. எந்தக் கெர்னலும் திறக்கப்படுவதில்லை. வங்கியாளர் முறைக்குத் தேர்வில் பெரும்பாலும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு புராசஸும் தன் உச்சத் தேவையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அது கேட்பதால், பொதுப் பயன்பாட்டு இயங்குதளங்கள் அதைக் கையாள்வதில்லை. அதே முடக்கத்தைத் தவிர்க்க, பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில் பிடி என்ற கெர்னல் எழுதுவோரின் விதியோ தேர்வுத்தாளில் அரிதாகவே இடம்பெறுகிறது. பெலாடியின் முரண்பாட்டுக்கு உள்ள கணக்கு அப்படி இல்லை, அது வைத்திருக்க வேண்டியது. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்பட்டு, முதலில் வந்தது முதலில் வெளியேறினால், நினைவகத்தில் மூன்று பக்கங்களுக்கு இடம் இருந்தால் 9 முறையும், நான்கு பக்கங்களுக்கு இடம் இருந்தால் 10 முறையும் கேட்ட பக்கம் அங்கே இல்லாமல் தவறு நேரும். நினைவகத்தைக் கூட்டினால் தவறு கூடுவதைக் கையால் போட்டுப் பார்ப்பது உள்ளுணர்வைத் திருத்தும் நல்ல பயிற்சி.

கெர்னலைத் திறந்து படிக்கத் தனி ஆய்வகமோ விலையுயர்ந்த கணினியோ வேண்டாம். எக்ஸ்வி6இன் மூலநிரலும், அதை விளக்கும் நூலும், பயிற்சிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கியூஎமு என்ற மென்பொருள் ரிஸ்க்-ஃபைவ் கணினியைச் சாதாரண மடிக்கணினிக்குள் பாவனை செய்துகாட்டும். மாணவர் எழுதிய பிழை அந்தப் பாவனைக் கணினியைத்தான் உறையவைக்கும். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து என்.பி.டி.இ.எல். வழியாக வந்த இயங்குதளப் பாடமும் எக்ஸ்வி6ஐத் துணையாகக் கொண்டது.

முன்கூட்டியே வேண்டியது சி மொழியில், குறிப்பாகப் பாயின்டரில், தயக்கமில்லாத பழக்கம். அது இல்லாதவர் முதல் மூன்று வாரங்களை அதற்கே செலவிடுவது நல்லது. டிபக்கரை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். கெர்னல் நின்ற இடத்தில் அது காட்டும் முகவரியை எடுத்து, எந்த ஃபங்ஷனின் எந்த வரி என்று தேடி, அங்கிருந்து அழைத்தவர்களைப் பின்னோக்கித் தொடர்வதே பாதி வேலை. இணையத்தில் விடைகள் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதியவரின் நிரல் சோதனைகளைத் தாண்டும், ஆனால் ஏன் உறைந்தது என்று தேடிய இரவுகளில் கிடைக்கும் அறிவு அவருக்குக் கிடைக்காது. ஆசிரியர்கள் நிரலை மட்டும் மதிப்பிடாமல், ஒரு வரியை நீக்கினால் என்ன நடக்கும் என்று நேரில் கேட்டு மதிப்பிடுவது இதற்கு நல்ல மாற்று. ஒரு பருவத்தில் எல்லாப் பயிற்சிகளுக்கும் நேரம் இல்லாத கல்லூரியில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: புதிய சிஸ்டம் கால், சிக்கன ஃபோர்க், திரெட் மாற்றம், பெரிய கோப்பு. டிரைவர் எழுதுவதும், நினைவக ஒதுக்கீட்டின் ஒற்றைப் பூட்டைச் சி.பி.யு.வுக்கு ஒன்றாகப் பிரிப்பதும் அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கலாம்.